ஃபைலை முதலில் வெளியே எடுங்கள், லினக்ஸ் அப்புறம்

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுபோயின. அதற்கு ஒரு வாரம் முன்பு சித்தப்பா தன் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் வந்தார். ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி ரேம். “போர்டு பழசு சார், பதினொன்னு ஏறாது. புதுசு எடுத்துடுங்க” என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. ஆனால் அந்த லேப்டாப்பில் கீபோர்டு எழுத்து ஒன்றுகூடத் தேயவில்லை, ஸ்கிரீன் பளிச்சென்று இருக்கிறது. தூக்கிப் போட அவருக்கு மனசில்லை.

“லினக்ஸ் போட்டுடலாம் சித்தப்பா” என்றேன். விண்டோஸுக்குப் பதிலாக அதே மெஷினில் ஓடும் வேறொரு இயங்குதளம் (ஓஎஸ்) அது, பல வகைகளில் வருகிறது.

“எதையோ போடு. என் ஃபைல் திறக்கணும், பிரிண்ட் வரணும், தமிழ்ல அடிக்க வரணும். இந்த மூணுக்கும் பதில் சொல்லிட்டு அப்புறம் கை வை.”

இத்தனை வருடத்தில் என்னிடம் கேட்டவர்கள் எல்லாரும் “எந்த லினக்ஸ் நல்லது?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. சித்தப்பா சரியான இடத்தில் பிடித்தார். நம்மைக் கட்டிப்போட்டிருப்பது பெரும்பாலும் மென்பொருள் இல்லை, அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கும் நம் ஃபைல்கள். அவற்றை வெளியே எடுத்துவிட்டால் மீதி எல்லாம் நிதானமாக நடக்கும். அதனால் இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகும்: ஃபைல், அப்புறம் புரோகிராம்கள், அப்புறம் லினக்ஸ், போன் தனியாக.

ஒரு சொல் மட்டும் முன்கூட்டியே. கட்டற்ற மென்பொருள் என்றால் அதன் மூல நிரலை, அதாவது அது எழுதப்பட்ட வரிகளை, யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இலவசம் என்பது வேறு விஷயம். குரோம் இலவசம்தான், ஆனால் முழுக்கக் கட்டற்றது இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் இரண்டுமே.

ஒரு வாரம் கணக்கெழுதுங்கள்

எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, ஒரு வாரத்துக்கு என்னென்ன புரோகிராம் திறக்கிறீர்களோ எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு குறிப்பு: ஃபைல் எங்கே சேமிக்கப்படுகிறது, அதை யாருக்கு அனுப்புகிறீர்கள்.

சித்தப்பாவின் பட்டியல் ஏழே வரிதான். வேர்டு, எக்ஸெல், குரோம், வாட்ஸப் வெப், யூடியூப், பிரிண்டர், அப்புறம் “பழைய கோயில் ஃபைல்”. அந்த ஏழாவது வரிதான் எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. அதற்கு வருகிறேன்.

பட்டியலில் டாலி இருந்தால், டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன் இருந்தால், மேக்ரோ (தானாக வேலை செய்யும் குட்டி நிரல்) நிறைந்த எக்ஸெல் இருந்தால், ஃபோட்டோஷாப்பை வைத்துத்தான் பிழைப்பு என்றால், அந்த வேலைக்கு ஒரு விண்டோஸ் மெஷினை விட்டுவைத்துவிடுங்கள். வைன் என்ற மென்பொருள் மூலம் விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டலாம் என்பார்கள். ஓட்டலாம், சில நேரம். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய கடைசி நாள் ராத்திரியில் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

பேக்கப்

ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள் எல்லாவற்றையும் அதில் காப்பி செய்யுங்கள். டி டிரைவை மறந்துவிடாதீர்கள், நம் ஊரில் கல்யாண ஆல்பமெல்லாம் அங்கேதான் தூங்கும். கூகுள் கணக்கில் கிடப்பதை ‘டேக்அவுட்’ வசதி மூலம் மொத்தமாக இறக்கலாம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் ஏற்றுமதி செய்துகொள்ளலாம். ஆனால் அந்த ஃபைலில் பாஸ்வேர்டெல்லாம் அப்பட்டமாக இருக்கும். பிட்வார்டன் அல்லது கீபாஸ்எக்ஸ்சி போன்ற கட்டற்ற பாஸ்வேர்டு பெட்டகத்துக்குள் ஏற்றிய கையோடு அதை அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும்.

பிட்லாக்கர் என்ற ஒன்றையும் பார்த்துவிடுங்கள். புது லேப்டாப்கள் பலவற்றில் நமக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். டிஸ்க்கின் பிரிவுகளையோ (பார்ட்டிஷன்), மெஷின் தொடங்கும்போது ஓடும் பயாஸ் அமைப்பையோ தொட்டால், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சிநேகிதியின் லேப்டாப்பில் இதைக் கேட்காமலே வேலையை ஆரம்பித்தேன். அவருடைய அந்தக் கணக்கு எப்போதோ விட்டுப்போன ஒரு செல் நம்பரோடு இணைந்திருந்தது. முழுத் தவறும் என்னுடையது. அவர் இன்னும் அந்தப் படங்களைப் பற்றிக் கேட்கும்போது நான் பேச்சை மாற்றுகிறேன்.

பழைய தமிழ் ஃபைல்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியிலும் இந்தப் பகுதி இருக்காது. ஆனால் தமிழில் பத்து, பதினைந்து வருடமாக டைப் அடித்தவர் யாராக இருந்தாலும் இங்கேதான் மாட்டுவார்.

சித்தப்பா ஒரு கோயில் கமிட்டியில் இருபது வருடம் கணக்கு பார்த்தவர். அழைப்பிதழ், தீர்மானம், நன்கொடைப் பட்டியல் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன. உள்ளே சேமிப்பது ஆங்கில எழுத்தை. அதற்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் ஃபைலுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, அதன் பிறகு ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கும் மெஷினில் தமிழ் தெரியும். இல்லாத மெஷினில் எலி கடித்த ஆங்கிலம் தெரியும். வானவில், டாப், டாம், டிஸ்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு. இந்தக் கணக்குக்குப் பெயர்தான் குறியாக்கம். தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும், எல்லா மெஷினுக்கும் பொதுவான குறியாக்கம் யூனிகோடு. 2010-லேயே தமிழ்நாடு அரசு அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் எத்தனையோ டிடிபி சென்டர்களிலும் வக்கீல் ஆபீஸ்களிலும் இன்னமும் பழசுதான்.

இதைச் சரிசெய்யாமல் லினக்ஸுக்குப் போனால், “லினக்ஸ்ல தமிழே வரலை” என்று பழி லினக்ஸ் மேல் விழும். விண்டோஸிலேயே முடித்துவிடுங்கள்.

ஃபைலைத் திறந்து, தமிழ் வரியைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெயரை வைத்து எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடியுங்கள். பிறகு அந்தக் குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் ஒட்டுங்கள். என்ஹெச்எம் கன்வர்ட்டர் விண்டோஸில் பலகாலமாகப் புழங்குவது. பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரலகம் இருக்கிறது, நூறு ஃபைல் என்றால் அதுதான் வசதி. முதலில் ஒரே ஒரு பத்தியைப் போட்டுப் பாருங்கள். சரியாக வந்தால்தான் மொத்தமும்.

எனக்குக் கை சுட்ட இடம் ஒன்று உண்டு. அழைப்பிதழின் நடுவில் ஆங்கிலத்தில் இருந்த பேங்க் பெயர், ஐஎஃப்எஸ்சி கோடு, ஈமெயில் முகவரி எல்லாவற்றையும் கருவி பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிட்டது. பேங்க் பெயர் ஒரு மந்திரம்போல ஆகியிருந்தது. சித்தப்பா வாய்விட்டுப் படித்துக் காட்டிச் சிரித்தார். ஆங்கிலம் கலந்த பக்கங்களைத் தமிழ்ப் பகுதி, ஆங்கிலப் பகுதி என்று பிரித்துத்தான் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு கொம்பும் காலும் வரும் எழுத்துகளை, கொ, கோ, கௌ இவற்றை, ஒருமுறை கண்ணால் ஓட்டுங்கள். மேற்கோள் குறிகளையும் ‘ஸ்ரீ’யையும் பாருங்கள். கோயில் ஃபைலில் ‘ஸ்ரீ’ எத்தனை வரும் என்று உங்களுக்கே தெரியும்.

மாற்றியதை வேறு பெயரில் சேமியுங்கள். பழையதை அழிக்காமல் ஒரு பிடிஎஃப் பிரதியும் எடுத்து வையுங்கள், சந்தேகம் வந்தால் ஒப்பிட உதவும். இன்னொரு லாபமும் உண்டு. இத்தனை வருடம் அந்த ஃபைல்களுக்குள் ஒரு பெயரைத் தமிழில் தேட முடியாது. இப்போது ‘கும்பாபிஷேகம்’ என்று அடித்தால் எல்லா வருடத்துக் கணக்கும் வரிசையாக வந்து நிற்கிறது.

விண்டோஸில் இருந்துகொண்டே புரோகிராம்களை மாற்றுங்கள்

வீடு மாறும் முன் பாத்திரங்களை மாற்றிக்கொள்வது மாதிரி. கீழே சொல்வதெல்லாம் விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். இங்கே பழகிவிட்டால் அங்கே போகும்போது பாதி அந்நியம் குறைந்துவிடும். ஒரே நாளில் எல்லாம் வேண்டாம், ஒன்றுக்கு இரண்டு வாரம் கொடுங்கள்.

முதலில் பிரவுசர், ஏனென்றால் அதில் வலி குறைவு. ஃபயர்ஃபாக்ஸ் போட்டு, யுபிளாக் ஆரிஜின் என்ற ஆட்-ஆனை (பிரவுசரோடு சேர்க்கும் துணை நிரல்) சேருங்கள். விளம்பரமும், நம்மைப் பின்தொடரும் நிரல்களும் பெரும்பாலும் நின்றுவிடும். குரோம் தன் ஆட்-ஆன் விதிகளை மாற்றிய பிறகு யுபிளாக் ஆரிஜினின் முழு வடிவம் அதில் ஓடுவதில்லை, ஃபயர்ஃபாக்ஸில் ஓடுகிறது. ஏதாவது அரசுத் தளமோ பேங்க் தளமோ முரண்டு பிடித்தால், அந்தத் தளத்துக்கு மட்டும் யுபிளாக்கை அணைத்துப் பாருங்கள், பாதி நேரம் அதுதான் காரணம்.

அடுத்து லிப்ரேஆபீஸ். 2010-ல் ஓப்பன்ஆபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்தது. வேர்டுக்கு ரைட்டர், எக்ஸெலுக்கு கால்க், பவர்பாயின்ட்டுக்கு இம்ப்ரெஸ். திறந்தவுடன் மெனு பழைய காலத்து வேர்டு மாதிரி இருக்கும். பிடிக்கவில்லை என்றால் ‘வியூ’ மெனுவில் ‘யூசர் இன்டர்ஃபேஸ்’ போய் ‘டேப்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், பழகிய முகமாகிவிடும்.

புகார் எப்போதும் ஒன்றுதான்: “நாலு பக்க ஃபைல் அஞ்சு பக்கமா ஆயிடுச்சு.” காரணம் எழுத்துரு. வேர்டில் அடித்தது லதாவிலோ நிர்மலாவிலோ இருக்கும், அவை மைக்ரோசாஃப்ட்டின் எழுத்துருக்கள். லினக்ஸில் அந்த இடத்தில் லோகித் தமிழோ நோட்டோ சான்ஸ் தமிழோ வந்து உட்காரும், அகலம் மாறும், வரி மடியும். அதனால் இப்போதே, விண்டோஸில் இருக்கும்போதே, நோட்டோ தமிழ் எழுத்துருவை இறக்கி உங்கள் ஃபைல்களை அதற்கு மாற்றிவிடுங்கள். ஆங்கிலத்தில் கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, அதே அகலத்தில் செய்யப்பட்டது. வெளியே அனுப்பும்போது, பார்க்க மட்டும் என்றால் பிடிஎஃப். அவர் திருத்த வேண்டும் என்றால் வேர்டு வடிவத்தில் சேமித்து அனுப்புங்கள். உங்கள் சொந்தப் பிரதி லிப்ரேஆபீஸின் சொந்த வடிவமான ஓடிடி-யில் (.odt) இருக்கட்டும், அது 2006-லிருந்தே ஐஎஸ்ஓ அமைப்பின் சர்வதேசத் தரம்.

வீடியோவுக்கு விஎல்சி, மெயிலுக்கு தண்டர்பேர்டு. இரண்டையும் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, போட்டால் வேலை செய்யும்.

மெயில் முகவரியையே மாற்றுவதென்றால் அவசரம் வேண்டாம். புரோட்டான் மெயில், டூட்டா என்று தனியுரிமையை முன்வைக்கும் சேவைகள் இருக்கின்றன. ஆனால் பேங்க், ஆதார், எல்ஐசி, பிஎஃப் எல்லாம் உங்கள் ஜிமெயிலோடு பின்னிக் கிடக்கும். புது முகவரி திறந்து, பழையதிலிருந்து ஃபார்வர்டு போட்டு, ஒவ்வொன்றாக மாற்ற ஒரு வருடம்கூட ஆகலாம். ஆகட்டும்.

இப்போது லினக்ஸ்

புதியவருக்கு லினக்ஸ் மின்ட். காரணம் எளிமை: கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு, விண்டோஸில் இருந்தவருக்குக் கை தானாகப் போகும். மின்ட் 22 வரிசை, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ரேம்தான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, அதற்கு மேல் சின்னமன். நம் ஊரிலேயே, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் என்ற ஒன்றும் உண்டு, டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. ஊர்ப் பாசம் எனக்கும் இருக்கிறது. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு சிக்கலைத் தேடினால் பதில் அதிகம் கிடைப்பது மின்ட்டுக்கும் உபுண்டுவுக்கும்தான்.

மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை (மொத்த மின்ட்டும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்குங்கள், ஏறத்தாழ 3 ஜிபி இருக்கும். 8 ஜிபி பென்டிரைவில் பலேனா எட்ச்சர் அல்லது ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு எழுதுங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும். மெஷினை அணைத்து, செருகி, ஆன் செய்தவுடன், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான பட்டனைத் தட்டுங்கள். டெல்லிலும் லெனோவோவிலும் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. வேகமாக, பலமுறை.

இப்போது மின்ட் பென்டிரைவிலிருந்தே ஓடும். டிஸ்க்கை இன்னும் தொடவில்லை. இங்கே ஒரு மணி நேரம் உட்காருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா, வெளிச்சம் கூட்டும் பட்டன், மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா, முக்கியமாக பிரிண்டர். வைஃபை வரவில்லை என்றால் பதற வேண்டாம். போனை யுஎஸ்பி வயரில் இணைத்து, போனின் நெட்டைப் பகிரும் டெதரிங் வசதியைப் போட்டால் நெட் வந்துவிடும். பிறகு ‘டிரைவர் மேனேஜர்’ தேவையானதைத் தேடிக் கொடுக்கும்.

பிரிண்டர் விஷயத்தில் ஹெச்பி மாடல்கள் பெரும்பாலும் தொல்லையில்லை, லினக்ஸுக்கென்றே அவற்றுக்குத் தனி டிரைவர் தொகுப்பு உண்டு. புது வைஃபை பிரிண்டர்கள் பல தானாகவே பட்டியலில் வந்துவிடும். பழைய சிறு லேசர் பிரிண்டர்களில் சில மட்டும் உயிரை வாங்கும். சித்தப்பாவினுடையது அந்த ஜாதி. ஒரு முழு சாயங்காலம் போராடி, கடைசியில் சித்தியின் பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸை வைத்துக்கொண்டு, பிடிஎஃப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய் அச்செடுப்பது என்று சமாதானம் ஆனோம். “இதுக்கு நான் பிரவுசிங் சென்டருக்கே போவேனே” என்றார். நியாயம்தான்.

எல்லாம் சரி என்றால் இன்ஸ்டால். டூயல் பூட் போடு, பாதி விண்டோஸ், பாதி லினக்ஸ் என்று பலரும் சொல்வார்கள். முதல் தடவைக்கு நான் சொல்லும் வழி வேறு: ரிச்சி தெருவில் ஒரு எஸ்எஸ்டி (வேகமான புது வகை டிஸ்க்) வாங்கி, லேப்டாப்பில் இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி, அந்த இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். போகும் முன் உங்கள் மாடலில் டிஸ்க் மாட்டும் இணைப்பு சாட்டா வகையா என்விஎம்இ வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றிய டிஸ்க்கை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள், அதற்கு ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கிப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். லினக்ஸ் பிடிக்கவில்லை என்றால் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் விண்டோஸ் விட்ட இடத்தில் நிற்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்குப் போனதில் வேகமும் கூடும், அந்தப் பெயரை லினக்ஸ் தட்டிக்கொண்டு போகும்.

புது எஸ்எஸ்டியில் இன்ஸ்டால் அரை மணி வேலை. கேள்விகள் நாலைந்துதான். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யவா, அதாவது பாஸ்வேர்டு போட்டுப் பூட்டவா, என்று கேட்கும், லேப்டாப்பை வெளியே எடுத்துப் போகிறவர் என்றால் ஆம் சொல்லுங்கள், பாஸ்வேர்டை மறந்தால் யாராலும் திறக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். முடிந்ததும் அப்டேட் மேனேஜரை ஓட்டி, டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் அன்றைய நிலையின் பிரதி) எடுத்து வையுங்கள். பின்னால் ஏதாவது சொதப்பினால் சிஸ்டத்தை அந்த நாளுக்குத் திருப்பிவிடலாம். உங்கள் சொந்த ஃபைல்களை அது காப்பாற்றாது, அதற்கு பேக்கப்தான்.

தமிழில் அடிக்க: சாஃப்ட்வேர் மேனேஜரில் ‘ஐபஸ் எம்17என்’ (ibus-m17n) தேடிப் போடுங்கள். ‘இன்புட் மெத்தட்’ அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்க்கும்போது தமிழ்99, டைப்ரைட்டர், ஃபொனெட்டிக், இன்ஸ்கிரிப்ட் என்று வரும். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவருக்கு டைப்ரைட்டர். புதிதாகக் கற்கிறவருக்கு தமிழ்99. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்தது, ஒரு வாரத்தில் கை பழகும். லாக்அவுட் செய்யாமல் “வரலையே” என்று கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம்.

போன்

போனில் ஆண்ட்ராய்டையே கழற்றிவிட்டு வேறு கட்டற்ற ஓஎஸ் போடும் ஆசை எல்லாருக்கும் ஒருநாள் வரும். பால்காரருக்கும் ஆட்டோவுக்கும் யுபிஐயில் கொடுக்கிற ஊரில் இது சிக்கல். மாற்றப்பட்ட போனில் பல பேங்க் ஆப்கள் திறக்க மறுக்கும். இரண்டாவது போன் இருந்தால் விளையாடிப் பாருங்கள், தினசரி போனில் வேண்டாம்.

அதற்குப் பதில் எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற ஆப் கடையைப் போட்டு ஆரம்பியுங்கள். லாகின் செய்யும்போது பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் இரண்டு படி உறுதிப்பாட்டு எண்களுக்கு ஏஜிஸ். வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ், நெட் இல்லாமலே ஓடும், யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை வைத்து. 2015 வெள்ளத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று சென்னைக்காரர்கள் குறித்து வைத்தது அந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல்தான். ஆனால் ஆர்கானிக் மேப்ஸ் டிராஃபிக் நெரிசல் காட்டாது. கிண்டி பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போகிறவர் இதை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம்.

வாட்ஸப்பை விடுவது மென்பொருள் வேலை இல்லை, சொந்தபந்த வேலை. தண்ணி லாரி எப்போது வரும் என்பது அபார்ட்மென்ட் குரூப்பில்தான் வரும், ஸ்கூல் நோட்டீஸும் அங்கேதான். வாட்ஸப்பிலும் செய்தியின் உள்ளடக்கம் முனைக்கு முனை பூட்டப்பட்டதுதான், அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்க முடியும், அதுவும் சிக்னல் என்ற இன்னொரு செய்தி ஆப் உருவாக்கிய முறையில். ஆனால் யார் யாரோடு எப்போது பேசுகிறார் என்ற விவரம் அந்தப் பூட்டுக்குள் வராது. வாட்ஸப்பின் நிரலும் திறந்ததில்லை. சிக்னல் லாப நோக்கமற்ற அறக்கட்டளை நடத்துவது, நிரல் திறந்திருக்கிறது. வீட்டில் இரண்டு பேரை மட்டும் அங்கே கூட்டிப் போங்கள், போதும். என் வீட்டில் அம்மாதான் முதலில் வந்தார், குட்மார்னிங் படங்கள் இல்லாத இடம் என்று. வாட்ஸப்பில் மிச்சமிருக்கும் நாளில் பேக்கப்புக்கான என்கிரிப்ஷனை அமைப்பில் போய் ஆன் செய்துவிடுங்கள், தானாக ஆன் ஆகியிருக்காது.

மாட்டிக்கொண்டால்

ஐஐடி வளாகத்தில் மாதக் கூட்டங்கள் நடத்திவந்த சென்னை லினக்ஸ் பயனர் குழு தொண்ணூறுகளிலிருந்தே இருக்கிறது. பக்கத்து காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவில் தமிழிலேயே கேட்கலாம். படிக்க வேண்டுமென்றால் 2012-லிருந்து கணியம் மின்னிதழில் தமிழில் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. கேட்கும்போது “வேலை செய்யலை” என்று மட்டும் சொல்லாமல், மெஷின் மாடல், மின்ட் பதிப்பு, திரையில் வந்த பிழைச் செய்தியின் படம் மூன்றையும் கொடுங்கள். நேரில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்றால் சார்ஜரோடு பேக்கப் டிஸ்க்கையும் எடுத்துப் போங்கள். உட்கார்ந்தவுடன் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.